வடிவமா, கூரா? திரைக்கத்தியும் நெல்லைப் பட்டறையும்

1990-ஆம் ஆண்டு ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் விசித்திரமான ஒரு வாள் முதன்முதலாகத் தோன்றியது. பிறைபோல் வளைந்து, இரு முனைகளிலும் கொம்புகள் பிரிந்து, முதுகுப் பக்கத்தில் கைப்பிடிகள் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துச் சுழற்றும்படி அமைந்த அதன் பெயர் ‘பாத்லெத்’. க்ளிங்கான் என்ற கற்பனை இனத்தாரின் வாளாகக் கதையில் வரும் அதை வடிவமைத்தவர், தொடரின் காட்சி விளைவுப் பிரிவில் பணியாற்றிய டான் கர்ரி. படப்பிடிப்பில் நடிகர்கள் கையில் இருந்தவை அலுமினியத்திலும் ரப்பரிலும் செய்தவை. பிறகு ரசிகர்களுக்காகச் சந்தைக்கு வந்த நகல்கள் பலவும் எஃகில் செய்தவை. திரையில் வந்த மூலம் வெட்டாது. கடையில் விற்கும் நகல் வெட்டும். பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு ரசிகர் இப்படியொரு கத்தியைச் சட்டத்துக்கு உட்பட்டு வாங்க முடியுமா என்ற கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் அரிவாள் வெட்டுச் செய்தி அடிக்கடி வருகிற ஒரு மாவட்டத்தில் அதற்குப் பதில் தேடினால், ஆயுதங்களைப் பற்றிய நம் சிந்தனை எங்கே தடம் மாறுகிறது என்பது புலப்படும். நான் இங்கே நிறுவ விரும்புவது ஒன்றுதான்: ஒரு கத்தியின் தோற்றத்தைப் பார்த்துச் சட்டம் முடிவெடுக்கக் கூடாது. அது வெட்டுமா, வெட்டும்படி மாற்ற முடியுமா, எந்த வழியில் யார் கைக்குப் போகிறது என்பவற்றையே பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இன்று கண்காணிப்பு தவறான வாசலில் நிற்கிறது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காக்கவோ ஆயுதமாக வடிவமைக்கப்பட்ட அல்லது அப்படி மாற்றப்பட்ட எந்தப் பொருளையும் ‘ஆயுதம்’ என்கிறது. கூர்முனை உள்ளவையும் அதில் அடக்கம். அதே வரையறை இரண்டு விலக்குகளைத் தருகிறது. வீட்டுப் பயன்பாட்டுக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே என்று செய்தவை ஆயுதமாகா. விளையாட்டுப் பொருளாக அன்றி வேறு எதற்கும் பயன்படாதவையும், பயன்படத்தக்க ஆயுதமாக மாற்ற முடியாதவையும் ஆயுதமாகா. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தம் முதல் அட்டவணையின் ஐந்தாம் வகையில் வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி முதலியவற்றைச் சொல்லி, ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்டவற்றையும் சேர்க்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய நான்கு பயன்களுக்காகச் செய்த கத்திகளுக்கு அங்கே விலக்கு உண்டு. இந்தப் பட்டியலைக் கவனமாகப் படிக்க வேண்டும். ‘அலங்காரம்’ அதில் இல்லை, ‘சேகரிப்பு’ம் இல்லை. ஆகவே கூர் தீட்டிய பாத்லெத்தை ‘சுவரில் மாட்டும் அலங்காரப் பொருள்’ என்று எழுதி விற்றாலும் அந்த எழுத்து அதைக் காப்பாற்றாது. அது தப்ப ஒரே வழி, மாற்ற முடியாத விளையாட்டுப் பொருளாக இருப்பதுதான்.

இவ்வகை ஆயுதத்தை வைத்திருப்பதற்கு உரிமம் எப்போது வேண்டும் என்பது இன்னொரு முடிச்சு. நான்காம் பிரிவின்படி, மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் பகுதிகளில், அறிவிக்கும் வகை ஆயுதங்களுக்கு மட்டுமே அது தேவை. எனவே அறிவிக்கையின் வாசகமே வழக்கின் உயிர். விசைக்கத்திகளைக் குறித்துத் தில்லி நிர்வாகம் 1980-இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டிருந்தது. அதை வைத்து, கத்தியோடு பிடிபட்ட ஒருவர்மேல் போட்ட வழக்கை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த அறிவிக்கை தயாரிப்பதையும் விற்பதையும் விற்பனைக்காக வைத்திருப்பதையும் பற்றியது. அவர் அதை விற்க வைத்திருந்தார் என்பதற்குக் குற்றப்பத்திரிகையில் எதுவும் இல்லை. கையில் கத்தி இருந்தது என்பது மட்டும் குற்றத்தை நிறுவிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது மட்டும் தனிக்கதை. பத்தாம் பிரிவின்படி எந்த ஆயுதத்தையும் உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. கூருள்ள நகல் கத்தியை வெளிநாட்டுக் கடையில் பணம் கட்டி வரவழைப்பவர் சுங்கத்துறையின் கையில் பொருளையும் இழந்து, வழக்கையும் வாங்கிக்கொள்ள நேரும்.

‘மாற்ற முடியாதது’ என்ற சொல் சட்டப் புத்தகத்தில் பிறந்தாலும் அதன் பொருளை அறிந்தவர் கொல்லர்தான். நெல்லைப் பக்கத்துப் பட்டறைகளில் நல்ல அருவாளுக்கு லாரிப் பட்டையைத்தான் எடுப்பார்கள். வண்டியின் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்கிற அந்த எஃகில் கார்பன் அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதைத் துண்டு போட்டு, உலையில் சிவக்கக் காய்ச்சி, அடைகல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து, வாய்ப்பக்கத்தை மெலிய இழுப்பார்கள். மறுபடி காய்ச்சி வாயை மட்டும் நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது அந்த விளிம்பு கடினமாகிறது. முதுகு இளக்கமாகவே நின்று அடியைத் தாங்குகிறது. கடைசியில் சாணை. கதவு, ஜன்னல் கிரில் செய்கிற சாதாரண இரும்புத் தகட்டில் கார்பன் கால் சதவீதத்துக்கும் குறைவு. அதை எவ்வளவு தோய்த்தாலும் அந்தக் கடினம் ஏறாது. ராவினால் விளிம்பு வரும், ஆனால் இரண்டு வெட்டில் மடங்கிவிடும். அலுமினியத்தில் அதுவும் நிற்காது. மரம், ஃபைபர், ரப்பருக்கு இந்தக் கேள்வியே இல்லை. ஆக, ஒரு நகல் எந்த உலோகத்தில் ஆனது, விளிம்பு எவ்வளவு தடிமன் என்ற இரண்டைக் கேட்டாலே அது சட்டத்தின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சந்தையில் ‘அலங்கார வாள்’ என்று விற்பவற்றில் பல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அலகும், பிடிக்குள் ஈர்க்குச்சி போல ஒல்லியாக நுழையும் வால்பகுதியும் கொண்டவை. அவை இரண்டு வகையில் கெட்டவை: தீட்டினால் வெட்டும், வீசினால் பிடியிலிருந்து ஒடிந்து பறக்கும்.

வெட்டுவதற்கென்று இல்லாமல் இரும்பைக் கையாளுவது தாமிரபரணிக் கரைக்குப் புதிதன்று. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான ஜாகோரும், 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீயும் தோண்டியபோது தாழிகளோடு வாள்களும் ஈட்டிகளும் கிடைத்தன. அந்த இரும்புக் கருவிகள் முனை கீழ்நோக்கி, துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்தி நிறுத்தியதுபோல இருந்தன என்று ரீ பதிவு செய்திருக்கிறார். அவை போரில் புழங்கியவையா, இறந்தவருக்காகவே அடித்தவையா என்று வாதிக்கலாம். அவை போய்ச் சேர்ந்த இடம் சடங்கு என்பதில் ஐயமில்லை. பக்கத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் நான்காம் ஆயிரத்தாண்டுவரை போகிறது என்று தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்தக் கணக்கை அறிஞர்கள் இன்னும் அலசட்டும். நமக்கு வேண்டியது வேறு. இன்றும் இந்த வட்டாரத்தில் சுடலைமாடன் கோயில் கொடையில் சாமியாடி கையில் வல்லயமும் வீச்சரிவாளும் உண்டு. சாமிக்கு நேர்ந்துகொண்ட அருவாள்கள் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் கருப்பசாமிக்காக ஆள் உயரத்தையும் தாண்டிய அருவாள்கள் அடிக்கிறார்கள். யாரும் தூக்கி வீச முடியாத அவை ஒன்பது அங்குலக் கணக்கில் பார்த்தால் கொடிய ஆயுதம். ஊர்க்கண்ணில் பார்த்தால் காணிக்கை. தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் வாங்க நினைப்பதும் பயன்பாட்டைத் துறந்த கத்திதான். பக்தியும் ரசனையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வடிவத்தை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இரண்டுமே கொலைக்கருவியாகத் தெரியும் என்பதே சொல்ல வருவது.

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்பதற்கும் இங்கேயே வரலாறு இருக்கிறது. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் ஊமைத்துரை தலைமையில் மீண்டும் எழுந்த போரும் அடக்கப்பட்டபின், அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் இடிக்கப்பட்டன. ஆயுதம் ஏந்துவது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1857-க்குப் பிறகு நாடு முழுவதற்கும் 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் 1959 சட்டம் அதை நீக்கிவிட்டு வந்தது. விவசாயக் கருவிக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் அது தரும் விலக்கு, குடிமகனைச் சந்தேகத்தோடு மட்டுமே பார்க்காத சட்டத்தின் அடையாளம். சீக்கியரின் கிர்பானை அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பே ஏற்கிறது. குடகு மக்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து தந்திருக்கும் விலக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பொருளைத் தனியாகப் பார்க்காமல் அது வாழும் சூழலோடு சேர்த்துப் பார்க்க நம் சட்டத்துக்குத் தெரியும் என்பதற்கு இவை போதும்.

நடைமுறை வேறு விதமாக இருக்கிறது. 2021 செப்டம்பரில் திருநெல்வேலி, திண்டுக்கல் மாவட்டங்களில் தலையைத் துண்டித்த பழிக்குப்பழிக் கொலைகள் அடுத்தடுத்து நடந்தன. மாநிலம் முழுவதும் போலீசார் சோதனை நடத்தி மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்களைக் கைப்பற்றினர். அதைத் தொடர்ந்து அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு கத்தி, அருவாள் செய்வோருக்கும் விற்போருக்கும் கட்டுப்பாடுகளை அறிவித்தார். வாங்குபவரின் பெயர், முகவரி, செல்போன் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். என்ன காரணத்துக்கு வாங்குகிறார் என்று கேட்க வேண்டும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அன்றி விற்கக் கூடாது. கடையில் கண்காணிப்பு கேமரா வேண்டும். கொலைகள் நடந்த சூழலில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதன் முழுப் பாரமும் விழுந்தது உலையருகே உட்கார்ந்திருக்கும் கொல்லர்மேல். அவருடைய வாடிக்கையாளரில் பெரும்பாலோர் கதிர் அரிவாளைத் தட்ட வருகிற விவசாயிகள், பாளை அரிவாளைத் தீட்ட வருகிற பனையேறிகள். பல வருஷமாக முகம் தெரிந்தவர்கள்.

அதே நேரம் இன்னொரு வாசல் அகலமாகத் திறந்து கிடக்கிறது. 2018 மே மாதத்தில் மகாராஷ்டிரத்து அவுரங்காபாத்தில், இணையம் வழியாக ஆர்டர் செய்து கூரியரில் வந்த வாள்களையும் கத்திகளையும் போலீசார் பறிமுதல் செய்தார்கள். விளையாட்டுப் பொருள் என்ற பெயரில் பார்சல்கள் வந்திருந்தன. பட்டறையில் ‘எதுக்கு வாங்குதீங்க?’ என்று ஒரு மனிதர் முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். பார்சலில் வருகிற எஃகுக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. ‘அலங்காரம்’ என்ற ஒரு சொல்லே அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இல்லாத சொல் அது என்பதை மேலே பார்த்தோம். விலக்கு பெற்ற விவசாயக் கருவியைச் செய்பவருக்குப் பதிவேடு. விலக்கில் வராத எஃகு வாளை அனுப்புபவருக்கு எதுவும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்த ஒரு காரணமும் எனக்குத் தென்படவில்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் முதலாவது மிகக் கனமானது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். சாதிவெறி பள்ளிக்கூடத்துக்குள் வந்து நின்றதைக் கண்டு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி நீதிமன்ற வாசலிலேயே ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்புப் பையன் புத்தகப்பையில் அருவாள் கொண்டுவந்து சக மாணவனை வெட்டினான். இப்படிப்பட்ட மண்ணில் தொலைக்காட்சிக் கத்தியை வாங்கும் வழியைப் பேசுவது மனசாட்சிக்கு ஒக்குமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். என் பதில், இச்சம்பவங்களில் கையில் இருந்தது என்ன என்று பாருங்கள் என்பதே. வேற்றுக்கிரக வாள் எதுவும் அங்கே இல்லை. எந்த வீட்டிலும் இருக்கிற, சட்டத்தின் விலக்குக்குள் வருகிற அருவாள் இருந்தது. அந்தக் கையை ஓங்க வைத்தது சாதியும் பழிவாங்கும் கணக்கும். சந்துரு குழுவும் சாதி அடையாளங்களையும் பள்ளிச் சூழலையும் குறித்துத்தான் பரிந்துரைகளை அடுக்கியது. நகல் கத்தியைத் தடை செய்வதால் ஒரு பையனின் பையிலிருந்தும் அருவாள் வெளியே வந்துவிடாது. அந்தத் தடையைக் காட்டி ‘நடவடிக்கை எடுத்தாயிற்று’ என்று சொல்லிக்கொள்ளும் வசதி மட்டும் கிடைக்கும். நான் அஞ்சுவது அதற்குத்தான்.

இரண்டாவது மறுப்பு இங்கிலாந்திலிருந்து வருகிறது. அங்கே ‘ஜாம்பி கத்தி’ என்று பெயர் பெற்றவை சினிமாவைப் பார்த்துப் பிறந்தவை. அவை தெருவில் உண்மையான கொலைகளுக்குப் பயன்பட்டன. திரைக்கத்தி ரசிகரின் சுவரோடு நின்றுவிடும் என்று எப்படி நம்புவது? இது உண்மையான ஆபத்து. ஆனால் அந்த நாட்டின் அனுபவமே என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 2008-இல் வளைந்த நகல் வாள்களைத் தடை செய்தார்கள். 2016-இல் வன்முறைப் படமோ வாசகமோ பொறித்த ஜாம்பி கத்திகளைத் தடை செய்தார்கள். படத்தை எடுத்துவிட்டு அதே கத்தியை விற்றார்கள். 2024 செப்டம்பரில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் அந்தப் பாணிக் கத்திகளும் தடைக்குள் வந்தன; 2025 ஆகஸ்டில் ‘நிஞ்ஜா’ வாள்கள். வடிவத்தை வரையறுத்தவுடன் வியாபாரி வடிவத்தை மாற்றுகிறான். சட்டம் ஒவ்வொரு முறையும் ஓர் அடி பின்னால் ஓடுகிறது. அந்தக் கத்திகளைக் கொலைக்கருவியாக்கியது அவற்றின் பயங்கரத் தோற்றம் அன்று; தீட்டிய எஃகு. அதே 2008 சட்டம் பாரம்பரிய முறையில் கையால் செய்த வாள்களுக்கு விலக்கு அளித்தது. கைவினையையும் மலிவுச் சரக்கையும் பிரித்துப் பார்த்த அந்த ஒரு பகுதி நாம் கற்றுக்கொள்ளத்தக்கது.

கூர் இல்லாவிட்டாலும் பயம் உண்டாகாதா என்பது மூன்றாவது கேள்வி. உண்டாகும். 2009-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் பாத்லெத் போன்ற ஒன்றைக் காட்டிக் கடைகளில் கொள்ளையடித்த சம்பவமே இருக்கிறது. நள்ளிரவில் கடைக்காரர் முன் நீட்டப்படும் கத்தி அலுமினியமா எஃகா என்று அவர் தடவிப் பார்க்க மாட்டார். இதற்கான பிரிவு சட்டத்தில் ஏற்கெனவே உள்ளது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு குற்ற மிரட்டலைத் தண்டிக்கிறது. மிரட்டப் பயன்பட்டது அட்டைக்கத்தி என்பது சாக்காகாது. வீட்டுச் சுவரில் இருக்கும்வரை அது காட்சிப்பொருள்; வண்ணார்பேட்டை பேருந்து நிறுத்தத்தில் இடுப்பில் செருகி நின்றால் பிரச்சினை. சென்னையில் 2024 பிப்ரவரியில் முதன்முதலாக நடந்த காமிக் கான் போன்ற விழாக்களில் உலோகமும் கூரும் உள்ளே வர அனுமதி இல்லை என்பது ரசிகர்களுக்கே தெரிந்த ஒழுங்கு. அதைத் தெருவுக்கும் நீட்டிப்பது ரசிகரின் கடமை.

ஆகவே வாங்க விரும்புகிறவருக்கு நான் சொல்வது இது. எஃகு நகலைத் தேடாதீர்கள். தொடரில் வந்த அசலுக்கு அது நெருங்கியதும் அல்ல. ஃபைபரிலோ மரத்திலோ அலுமினியத்திலோ, விளிம்பு மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனாக, முனை மழுங்கலாக இருப்பதை வாங்குங்கள், அல்லது உள்ளூர் தச்சரிடமோ பட்டறையிலோ வரைபடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். வேகமாக அழிந்துவரும் ஒரு தொழிலுக்கு அது வேலையும் தரும். செய்பவர் தம் பதிவேட்டில் ‘காட்சிப்பொருள், கூர் இல்லை, அலுமினியம்’ என்று எழுதட்டும். உங்கள் பெயரையும் எண்ணையும் தயங்காமல் கொடுங்கள். ரசீதில் உலோகத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டுப் பார்சல் வேண்டாம். இந்தப் பகுதிக்கு என்ன அறிவிக்கை நடைமுறையில் உள்ளது என்ற சந்தேகம் இருந்தால், வாங்கிய பிறகு அல்ல, வாங்குமுன் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து எழுத்தில் கேளுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி. ஐந்தாம் வகை அளவைத் தாண்டிய அலகை அனுப்பும் எந்த விற்பனைத் தளமும் அதன் உலோகத்தையும் விளிம்பின் தன்மையையும் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். வாங்குபவரின் அடையாளத்தைச் சரிபார்த்து, பட்டறைக்காரர் வைக்கும் அதே பதிவேட்டை வைக்க வேண்டும். கேட்கும்போது மாவட்டக் காவல்துறைக்குக் காட்ட வேண்டும். 2021-இல் கொல்லருக்குச் சில நாட்களில் போட முடிந்த உத்தரவைப் பெரிய நிறுவனங்களுக்கும் போடட்டும். அதுவரை அருவாளுக்குப் பிடி போடும் மனிதரை மட்டும் கேமரா முன் உட்கார வைப்பது நீதியாகாது.